பஞ்சாங்க நாளும் பில்லில் உள்ள நாளும்

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சத்துக்குப் போகும் வழியல்ல. கடையில் சாமான் வாங்கும்போது நம் பேரில் ஏறுகிற பாயிண்டைப் பற்றியதேயாகும். இது அற்ப சங்கதி என்று சிலர் எண்ணலாம். ராஜபாளையத்து மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துச் சம்பாதிக்கும் காசில் ஒரு ரூபாய் வீணானாலும் அது அற்பமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

ஜவுளிக்கடையிலும், மளிகைக்கடையிலும், மருந்துக்கடையிலும் நமது செல்போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இத்தனை ரூபாய்க்கு இத்தனை பாயிண்ட் என்று வரவு வைக்கிறார்கள். நம்மில் பலர் இதை முதலாளி மனமிரங்கிக் கொடுத்த இனாமாகக் கருதி, திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். எந்த வியாபாரியாவது சும்மா கொடுப்பாரா? நாம் கொடுத்த விலையிலிருந்துதான் அது வருகிறது. பெரிய கம்பெனிகளின் கணக்கில், செலவழியாத பாயிண்ட் வாடிக்கைக்காரருக்குத் தீர்க்கவேண்டிய பாக்கியாக நிற்கும். கெடு கடந்துவிட்டாலோ, அதுவே கம்பெனியின் வருமானமாகிவிடும். நமது மறதி அவர்களுக்கு லாபம்!

இந்த யுக்தி புதியதுமல்ல. அமெரிக்காவில் 1896-ல் ஸ்பெரி அண்டு ஹட்சின்சன் என்ற கம்பெனி கடைகளுக்குப் பச்சை ஸ்டாம்பு விற்கத் தொடங்கியது. சாமான் வாங்கியவர்கள் அதைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துக் கொடுத்துப் பண்டம் பெற்றார்கள். ஒட்டாமல் வீட்டில் கிடந்த ஸ்டாம்புக்கு யாரும் பண்டம் தரவில்லை.

சரி, நம்மவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள்? நாள் பார்க்கத் தெரியாமலா? நம்மைப்போல் நாள் பார்க்கிற ஜனங்கள் வேறெங்கே உண்டு! ராகுகாலம், எமகண்டம், கரிநாள், சூலம் எல்லாம் மனப்பாடம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற கெடுத் தேதியை மாத்திரம் பார்ப்பதில்லை. ராகுகாலத்தில் புறப்பட்டால் நஷ்டம் என்பதற்கு இன்றுவரை ருசு கிடையாது. கெடுத் தேதி தாண்டினால் நஷ்டம் என்பதற்கோ ருசு கையிலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கும்போது என்றைக்குக் கிண்டியது என்று கேட்கிறோமே, அந்தப் புத்தி இங்கே எங்கே போயிற்று?

நகைச் சீட்டைப் பாருங்கள். 2014-ம் வருஷத்து விதிகளின்படி, சரக்குக்காக ஒரு கம்பெனி வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் சரக்காகத் தீர்க்கவேண்டும். பல கடைகளில் 11 மாதச் சீட்டு நடப்பது இதனால்தான். சீட்டு முடிந்த பின்பும் “மார்கழி ஆகாது, அட்சய திருதியை வரட்டும்” என்று காத்திருந்தால், சலுகை போய்க் கட்டிய பணம் மாத்திரம் மிஞ்சக்கூடும். சோதிடர் அந்த நஷ்டத்தைக் கொடுப்பாரா?

ஆடியில் கலியாணம் கூடாதென்று நாம் ஒதுங்கினோம். சரக்குத் தேங்குவதைக் கண்ட வியாபாரி ஆடித் தள்ளுபடி என்று பலகை கட்டினார். ஆடிப்பூரத் தேர் பார்க்க வந்த கூட்டமும் அந்தக் கடையில் நுழைகிறது. நாம் பஞ்சாங்கத்தைப் பார்த்தோம். அவர் கணக்கைப் பார்த்தார்.

ஆனால், கெடு வருகிறதென்று பதறி, 50 ரூபாய் பாயிண்டைக் காப்பாற்ற 500 ரூபாய்க்கு வேண்டாத துணி வாங்குவது அதைவிடப் பெரிய அறிவீனம். அரிசி, சோப்பு, மருந்து என்று எப்படியும் வாங்கவேண்டியதற்கே அதைக் கழியுங்கள். தள்ளுபடிச் சரக்குக்குச் செல்லுமா, குறைந்தது எவ்வளவுக்கு வாங்கவேண்டும் என்று முன்னதாகவே கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டுச் சாமான் வாங்குவது பெண்கள். பாயிண்ட் ஏறுவது ஆண்மகன் நம்பரில்! கணக்கை அவர்கள் பேரிலேயே வையுங்கள், அவர்கள் மறக்கமாட்டார்கள்.

சொன்ன நிபந்தனைக்கு மாறாகக் கடைக்காரர் மறுத்தால், விதியென்று திரும்பிவிடாதீர்கள். பில்லைப் பத்திரப்படுத்தி, 1915 என்ற நம்பரில் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குப் புகார்க் கட்டணமே இல்லை.

ஆகவே தோழர்களே! புண்ணியக் கணக்கை செத்த பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைக் கடைக் கணக்கிலும் காட்டவேண்டாம். இன்றிரவே வீட்டுக்குப் போய், பில்களை எடுத்துத் தேதியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடிக்கிறோம்.