எரிச்சலும் குற்றமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சித் தொடர் ஓர் இலக்கிய வட்டத்தின் பேச்சுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். ராயபுரத்துச் சந்துகளில் பனியன் கம்பெனிகளின் இரவு ஷிப்டு முடிந்து மக்கள் வீடு திரும்பும்போது அவர்களிடம் எஞ்சியிருக்கும் ஒரு மணி நேரத்தில் கதை என்ற ஒன்று அவர்களை வந்து சேர்வது பெரும்பாலும் திரையின் வழியாகத்தான். கதை சொல்லப்படும் இடத்தில் திறனாய்வுக்கும் வேலை உண்டு.

குற்றத் தொடர்களைப் பற்றிய பேச்சில் ஒரு குறை தவறாமல் ஒலிக்கிறது. "கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த ஆளைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது" என்பதே அது. அந்த எரிச்சல் குற்றக் கதையில் என்ன வேலை செய்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். எரிச்சல் ஒரு சான்று அன்று. ஆயினும் பார்ப்பவர் அதைச் சான்றாகவே கொள்கிறார். அந்தப் பழக்கத்தை அவருக்கே காட்டிக் கொடுப்பதுதான் நல்ல குற்றக் கதையின் பணி.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் வெகுளி பிறப்பதற்குரிய நிலைக்களன்கள் நான்கு: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல். நான்குமே பெருங்கேடுகள். இளிவரலுக்கும் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு களன்கள் உண்டு. இன்று 'எரிச்சல்' எனப்படுவது இவ்விரண்டிலும் முழுமையாக அடங்குவதில்லை. வெகுளிக்குத் தக்க காரணம் வேண்டும்; எரிச்சலுக்கு உரத்த குரலே போதும். பேச்சில் குறுக்கிடுதல், சொன்னதையே சொல்லுதல், புன்னகைக்க மறுத்தல் ஆகியவையும் போதும். காரணம் இத்தனை சிறிதாக இருப்பதால்தான் அது கவனிக்கப்படாமல் தீர்ப்பாக மாறிவிடுகிறது.

தமிழ்த் திரை இதை முன்பே அறிந்திருந்தது. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் வந்த 'அந்த நாள்' படத்தில் கொலையுண்ட ராஜன் நாட்டைக் காட்டிக் கொடுத்தவன். எளிதில் விரும்பத்தக்கவன் அல்லன். விசாரணையில் ஒவ்வொரு சாட்சியும் தமக்குப் பிடிக்காத ஒருவர் மீது ஐயத்தைத் திருப்புகிறார். உண்மையோ எவரும் சுட்டாத மனைவி உஷாவிடம் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' தொடரிலும், ஊரார் கருப்பசாமியின் தண்டனை என்று அஞ்சியவற்றின் பின்னே இருந்தவன் மனம் இரண்டாகப் பிளவுண்ட ஓர் இளைஞன். அன்று அடுத்த பகுதிக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் பார்வையாளரின் வெறுப்பு தேநீர்க் கடைப் பேச்சில் முற்றிக் காய்க்கும். இன்று எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடுகின்றன. வெறுத்தவர் விடிவதற்குள் தம் வெறுப்பு பொய்த்ததையும் கண்டுவிடுகிறார்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2022 ஜூனில் வெளிவந்த 'சுழல்'. புஷ்கர்–காயத்ரி உருவாக்கம், பிரம்மா, அனுசரண் இருவரும் இயக்கினர். முடிவைச் சொல்லாமல் இத்தொடரைப் பற்றிப் பேச இயலாது. இன்னும் பாராதவர்கள் பொறுத்தருள வேண்டும். சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில் சிமெண்ட் ஆலை ஒன்று எரிகிறது. அதே வேளையில் நிலா என்ற சிறுமி காணாமற் போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது.

பார்த்திபன் ஏற்ற சண்முகம் தொழிற்சங்கத் தலைவர், நாத்திகர்; எவரையும் பேசவிடாதவர். தம் மகள் காணாமற் போன போதும் அவர் குரல் தாழ்வதில்லை. ஸ்ரேயா ரெட்டி ஏற்ற ஆய்வாளர் ரெஜினா முன்முடிவோடு விசாரிப்பவர், அதிகாரத்தின் மிடுக்கு குறையாதவர். ஐஸ்வர்யா ராஜேஷ் ஏற்ற நந்தினி, தங்கை காணாமற் போனதறிந்து ஊர் திரும்பியும், தந்தையிடம் ஒரு நல்ல சொல் பேசாதவள். முதல் நான்கு பகுதிகளில் இம்மூவரையும் பார்ப்பவருக்கு எரிச்சல் மாறி மாறி வருகிறது. எரிச்சல் வரும் இடத்திலெல்லாம் ஐயமும் வருகிறது. நிலாவின் கேட்டுக்குக் காரணமானவனோ குமரவேல் ஏற்ற குணா. குடும்பத்துக்கு நெருங்கிய உறவினன், மென்மையாகப் பேசுபவன், எல்லாருக்கும் உதவுபவன். அவன் வரும் காட்சிகளில் எவருக்கும் எரிச்சல் பிறப்பதில்லை. அவனுடைய பாதுகாப்பு அதுவே.

இதில் கூர்ந்து நோக்கத்தக்கவள் நந்தினி. அவளுடைய கடுகடுப்பும் வெடுக்கென்ற மறுமொழியும் அவளது இயல்பு என்றே பார்ப்பவர் முதலில் கருதுகிறார். தங்கைக்கு நேர்ந்தது இளமையில் அவளுக்கும் நேர்ந்தது என்பது பின்னரே தெரிகிறது. அதுவரை எரிச்சலூட்டிய முகம் அப்போது ஒரு தடயமாகிவிடுகிறது. காவலர்கள் ஆலையின் சாம்பலிலும் ஏரியின் கரையிலும் தேடிய தடயம் முதற் பகுதியிலிருந்தே கண்முன் நின்றிருக்கிறது. கேடு செய்தவன் இனியவனாகவும் கேடுற்றவள் எரிச்சலூட்டுபவளாகவும் இருப்பது தற்செயல் அன்று. காயம் மனிதரை எப்போதும் இனியவராக்குவதில்லை. பெரும்பாலும் கசப்பானவராகவே ஆக்குகிறது. துன்புற்றவர் பணிவாகவும் கண்ணீரோடும் வந்து நின்றால்தான் நம்புவது என்ற உலகியல் எத்தனை பேரை நம்பாமல் விட்டிருக்கும் என்பதைத் தொடர் கேட்காமலே கேட்கிறது.

ரெஜினாவின் மீது எழும் எரிச்சலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் பேசும் முறையில் ஓர் ஆண் ஆய்வாளர் பேசியிருந்தால் அதற்குத் தமிழ்த் திரையில் 'கம்பீரம்' என்று பெயர். ஆண் காவலரின் உரத்த குரலுக்குக் கைதட்டிப் பழகிய செவிக்குப் பெண்ணிடமிருந்து வரும் அதே குரல் உறுத்துகிறது. ரெஜினாவிடம் உண்மையான தவறுகள் உண்டு. அவை வேறு, செவியின் பழக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எடை போடுவது முறையன்று.

2022 பிப்ரவரியில் வந்த 'விலங்கு', இதே உண்மையைக் காவல் நிலையத்துக்குள்ளேயே வைத்துக் காட்டியது. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கிய இத்தொடரில் விமல் ஏற்ற உதவி ஆய்வாளர் பரிதியை மேலதிகாரிகள் விரட்டிக்கொண்டே இருக்கின்றனர். பார்ப்பவரின் கோபமெல்லாம் அவர்கள் மீதே குவிகிறது. நிலையத்தில் எடுபிடி வேலை செய்யும் கிச்சாவோ கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருபவன், ஏசினாலும் சிரிப்பவன். கொலையுண்டவரின் தலை காவலர் பாதுகாப்பிலிருந்து காணாமற் போகிறது. அப்போதும் அவன் பக்கம் எவர் பார்வையும் திரும்புவதில்லை. ஏவலாளின் பணிவை மேலோர் எவ்வளவு எளிதில் நல்லியல்பாகக் கொண்டுவிடுகின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தேவையில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் உருவாக்கி இயக்கிய 'வதந்தி' வந்தது. எஸ். ஜே. சூர்யா ஏற்ற விவேக், வெலோனி என்ற இளம்பெண்ணின் கொலையை விடாது தொடர்கிறார். அவருடைய பிடிவாதம் மனைவிக்கு மட்டுமன்றிப் பார்ப்பவருக்கும் சலிப்பூட்டுகிறது. குற்றத்தைத் துலக்கும் அதே குணம் வீட்டைக் குலைக்கிறது. லைலா ஏற்ற தாய் ரூபி கண்டிப்பானவர், கடுஞ்சொல்லினர். அவரை விரும்புவது கடினம். வெலோனியோ, அவளைப் பற்றிப் பிறர் சொல்லும் கதைகளில் மட்டுமே வாழ்கிறாள். ஒருவர் வாயில் தூயவள், இன்னொருவர் வாயில் வேறொருத்தி. இறந்துவிட்ட பெண் தன் பக்கத்தைச் சொல்ல வர இயலாது என்பதால் ஊரின் விருப்பும் வெறுப்புமே அவள் வரலாறாகிவிடுகின்றன.

இனி எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். எரிச்சலூட்டும் பாத்திரமெல்லாம் ஆழமான பாத்திரம் என்று சொல்வது நேர்மையாகாது. எழுத்தின் குறையால் எரிச்சலூட்டும் பாத்திரங்களும் உண்டு. அன்றாட நெடுந்தொடர்களில் புருவத்தை உயர்த்தியபடி மத்தள ஒலியோடு மும்முறை காட்டப்படும் மாமியார் அந்த வகை. அவருக்கு வெறுக்கப்படுவதைத் தவிர வேறு வேலை தரப்படவில்லை. வேறுபாட்டை அறிய ஒரு கேள்வி போதும். அந்தப் பாத்திரம் தனியே இருக்கும்போதும் அதற்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறதா? சண்முகத்துக்கு உண்டு, அந்த மாமியாருக்கு இல்லை. 'சுழல்' தொடரிலும் குறை உண்டு. பகுதி முடியும்தோறும் ஒருவர் மீது ஐயத்தை நிறுத்த வேண்டிய கட்டாயத்தால், ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடக் கூடியதைச் சிலர் காரணமின்றி மறைக்கின்றனர். அங்கே எரிச்சல் கதைமாந்தரின் மீதன்று, எழுதியவரின் மீது. மேலும், இனியவன் குற்றவாளி என்பது வாய்பாடாகிவிட்டால், அடுத்த தொடரில் எவர் புன்னகைத்தாலும் பார்ப்பவர் விரல் நீட்டிவிடுவார். 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவம் இந்த இடரை உணர்ந்திருக்க வேண்டும். அதில் இளம்பெண்கள் எண்மர் கொலையைச் செய்தது தாமே என்று தனித்தனியே பொறுப்பேற்கின்றனர். விசாரிப்பவரையும் பார்ப்பவரையும் சோதிப்பது அவர்களின் அசையாத மௌனம்.

இவையெல்லாம் வந்து சேரும் இடம் மதுரை. தமிழின் மாபெரும் குற்றக் கதை சிலப்பதிகாரம்தான். அதில் கோவலன் எல்லாருக்கும் உவப்பான தலைவன் அல்லன். பொருளையும் மனைவியின் வாழ்வையும் தொலைத்துவிட்டு வந்தவன். பொற்கொல்லனோ பணிவோடு பேசுபவன், நம்பிக்கைக்குரியவன் போல் தோன்றுபவன். கொல்ல வந்தவர்கள் கோவலனைப் பார்த்து, இவன் கள்வனல்லன் என்று தயங்குகின்றனர். அவர்கள் முகம் பார்த்துச் சொன்னது இம்முறை சரிதான். ஆனால் முகத்தைத் தவிர வேறு சான்று அவர்களிடம் இல்லை. பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே களவு நூல் கூறும் எண்வகைத் துணைகளையும் அடுக்குகிறான். மந்திரமும் மருந்தும் காலமும் கருவியும் அவன் நாவில் அணிவகுக்கின்றன. நயமான பேச்சின் முன் நேர்மையான தயக்கம் தோற்கிறது. களிமகன் ஒருவனின் வாள் அதை முடித்து வைக்கிறது. அரசனோ தேவியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் ஆராயாமல் ஆணையிட்டவன். முகக்குறியும் சொல்திறமும் மனநிலையும் சேர்ந்து தீர்ப்பளித்தன. விசாரணை என்ற ஒன்று மட்டும் நடக்கவில்லை. அது நடந்தது கண்ணகி வந்து சிலம்பை உடைத்த பிறகே. அரசவையில் தலைவிரித்து நின்ற அவளும் அங்கிருந்தோர் கண்ணுக்கு இனியவளாகத் தோன்றியிருக்க முடியாது.

திருப்பூருக்கு இது தொலைவான செய்தி அன்று. 1984-இல் பஞ்சப்படிக்காக இவ்வூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அத்தனை நாள் ஓயாத குரல் எவர் செவிக்கும் இனிமையாக இருந்திராது. கேட்கும் குரல் உறுத்துகிறது என்பதால் கேட்கப்படுவது தவறாகிவிடாது. சண்முகத்தைக் காணும் இவ்வூர்க்காரருக்கு அந்த வேறுபாட்டைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2023 மார்ச்சில் வேறொரு சோதனை வந்தது. வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரவின. திருப்பூரின் பெயரும் அதில் அடிபட்டது. தமிழ்நாட்டுக் காவல்துறை அதை மறுத்தது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நிலையை நேரில் அறிந்தது. பொய் அத்தனை விரைவாகப் பரவியதற்குக் காரணம், அதை ஏற்க ஆயத்தமாக இருந்த சிறு சிறு எரிச்சல்கள். புரியாத மொழியில் உரக்கப் பேசுகிறார்கள் என்பது இந்தப் பக்கத்து எரிச்சல். முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது அந்தப் பக்கத்து எரிச்சல். இரு பக்கமும் அவற்றைத் தீர்ப்புகளாக மாற்றிக்கொள்ளக் காத்திருந்தன. ஒரு பொய் அதற்கு வழி திறந்துவிட்டது.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கும் பெண்கள் ஒன்றை அறிவார்கள். கறை பட்ட துணி தூரத்திலேயே தெரியும், உடனே ஒதுக்கிவிடலாம். தையல் விட்டிருப்பது விரித்து, இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். கறையை மட்டும் பார்த்து அனுப்பினால் சரக்கு திரும்பி வந்துவிடும்.

கவிஞர்களின் பணியும் இதற்கு அயலானதன்று. விரும்பத்தக்கவரைப் பாடுவது எளிது. அதற்குத் தமிழில் குறைவே இல்லை. விரும்பத்தகாதவரை வெறுக்காமலும் வெள்ளையடிக்காமலும் எழுதுவதே அரிது. வட்டத்தின் இந்தப் பத்தாண்டுகளில் வாசிக்கப்பட்ட கவிதைகளில் ஏழைத் தாயும் உழைக்கும் பெண்ணும் நிறைய வந்திருப்பார்கள்; பெரும்பாலும் சாந்த முகத்தோடு வந்திருப்பார்கள். முகம் சுளிக்கும் தாய், நன்றி சொல்லாத தொழிலாளி, ஆறுதல் சொன்னால் சீறும் பெண் ஆகியோருக்கும் அடுத்த பத்தாண்டின் கவிதைகளில் இடம் வேண்டும். அவர்களின் கசப்புக்கு முன்னால் நிகழ்ந்தது என்ன என்று கேட்கும் பொறுமை ஒரு கவிதைக்கு இருக்குமானால், அது செய்வது விசாரணைக்கு நிகரான பணி.