கண்ணகி கையில் இருந்தது என்ன?

மரியாதைக்குரிய நடுவர் அவர்களே! என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! அம்பத்தூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பஸ் பிடித்து இந்த ஆவடி மேடைக்கு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்!

அதிசய நாயகிக்குப் பலம் தருவது அவளுடைய தனி ஆற்றலா, ஊரின் நினைவும் நீதியுமா? எதிரணித் தங்கை என்ன சொன்னார்? 'அமெரிக்காக்காரன் 1941-இல்தான் வொண்டர் உமனைக் கண்டுபிடித்தான். நமக்கு எப்பவோ கண்ணகி கிடைச்சாச்சு. மதுரையையே எரிச்சாளே, அது தனி ஆற்றல் இல்லையா?' என்றார். நல்லாக் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு)

ஆனா, நெருப்புக்கு முன்னாடி நடந்ததைப் பாருங்கம்மா. 'நீ யார்?' என்று பாண்டியன் கேட்கிறான். நாமாக இருந்தால் அப்பா பேரு, தெருப் பேரு, ரேஷன் கார்டு நம்பர் சொல்லுவோம். அவள் எங்கே தொடங்குகிறாள்? புறாவின் துயர் தீர்த்த சோழன், கன்றை இழந்த பசுவுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட சோழன், இவர்கள் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். தன் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறாள். இது அறிமுகமா? இல்லீங்க. 'எங்க ஊரில் மாட்டுக்கே நீதி கிடைச்சுது. உன் ஊரில் மனுஷனுக்குக் கிடைக்கலையே' என்கிற குற்றப்பத்திரிகை! (கைதட்டல்)

அடுத்து சாட்சியம். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். அதற்குப் பிறகுதான் உடைக்கிறாள். எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்! தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரசன் விழுந்தபோது மதுரையில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லையே. மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கில் பாடுகிறார்களே, அதற்குப் பேர் என்ன? வழக்குரை! நம்ம மெரினாவில் 1968-இல் வைத்து, 2001-இல் எடுத்து, 2006-இல் மறுபடி வைத்த சிலையைப் பாருங்கள். கையில் தீப்பந்தமா? சிலம்புங்க! (கைதட்டல்)

என் தூக்கத்தைக் கெடுக்கிற இடம் வேறே ஒன்று. கண்ணகிக்காக வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்கிறது சிலப்பதிகாரம். பொய் சொன்னவன் ஒருத்தன். மற்ற 999 பேரும் என்னய்யா செய்தார்கள்? அவர்களுக்காக யார் சிலம்பை உடைத்துக் காட்டினார்கள்? 'இதுதானா உங்க ஊர் நீதி?' என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. இல்லீங்க. விசாரிக்காமல் கோவலனை வெட்டினது எந்தத் தப்போ, அதே தப்பு ஆயிரம் மடங்கு. கண்ணகி பேரைச் சொல்லி, கண்ணகி வாதாடின முறையை மறந்துட்டாங்க.

சிலப்பதிகாரத்தை விடுங்க. இங்கே ஓர் அடுக்குமாடி வீடு. பீரோவில் செயின் காணோம். முதலில் யார் பேரு அடிபடும்? வீட்டு வேலை செய்யும் அம்மா பேருதானே! ஆடி மாசம் திருவேற்காட்டுக் கருமாரிக்குக் கூழ் ஊற்றுகிற கைதான் அந்த அம்மாவின் பையைக் கொட்டிப் பார்க்கும். செயின் எங்கே? குளியலறைக் கொக்கியில் தொங்கும்! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அவளுக்கு வேலை போச்சே? மூணாவது மாடியில் பரவின பேச்சு, மற்ற மூணு வீட்டு வேலையையும் சேர்த்துக் கொண்டு போச்சே? செயின் கிடைச்ச சேதியை எத்தனை வீட்டில் போய்ச் சொன்னோம்?

நடுவர் மணி அடிக்கிறார். கன்றை இழந்த பசு அடித்த மணி இல்லை, நேரமாச்சு என்கிற மணி. உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம். (கைதட்டல்)