நீரிழிவு ஊசி: அச்சம் வேண்டாம், அறிவு வேண்டும்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. மாத்திரைகளால் மட்டும் நோய் கட்டுப்படாதோருக்கு ஊசி மருந்து தேவைப்படுகிறது. அதன் பக்க விளைவுகளை அறிந்தோர் அஞ்ச வேண்டியதில்லை.

இன்சுலினால் நேரும் முதன்மையான தொல்லை, இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துவிடுவதாகும். ஊசி போட்டபின் உணவைத் தள்ளிப்போடுவோருக்கும், வழக்கத்தினும் கடினமாக உழைப்போருக்கும் இது நேரலாம். வியர்வை, நடுக்கம், கடும் பசி, மனக்குழப்பம் ஆகியவை அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும். 15 நிமிடங்களில் குணம் தெரியாவிடில் மீண்டும் பருக வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை போடப்படும் செமாகுளுடைடு போன்ற புதிய ஊசிகளால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாகலாம். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினால் இவை பெரும்பாலும் தணியும். அரிதாகக் கணைய அழற்சியும் ஏற்படலாம். முதுகு வரை பரவும் கடும் வயிற்றுவலி தோன்றினால் மருந்தை நிறுத்தி, உடனே மருத்துவரை நாட வேண்டும்.

சிறு தொல்லைக்கு அஞ்சி, மருத்துவரைக் கேளாமல் ஊசியைக் கைவிட்டால், உயரும் சர்க்கரை நாளடைவில் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே, ஊசி போடக் கற்பிக்கும் நாளிலேயே இவற்றை நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் எடுத்துரைத்தல் சுகாதாரப் பணியாளர்களின் கடமையாகும். சர்க்கரை குறைந்து தடுமாறுபவருக்கு முதலில் கைகொடுப்போர் வீட்டாரே.