தற்செயலை விற்ற கதை

குறையை மறைத்து விற்பதுதான் விளம்பரம் என்று பலரும் நினைப்பதுண்டு. 2005 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் அதற்கு நேர்மாறாகச் செய்தது. அது அறிமுகப்படுத்திய ஐபாட் ஷஃபிள் என்னும் குட்டி இசைக்கருவியில் திரையே கிடையாது. சுமார் 120 பாடல்கள் கொள்ளும் சிறிய ரகத்தின் விலை 99 அமெரிக்க டாலர். ஆனால் வேண்டிய பாட்டைப் பெயர் பார்த்துத் தேட முடியாது. அடுத்து எந்தப் பாட்டு வருமோ என்ற எதிர்பார்ப்பையே சுகமென்று சொல்லி விற்றார்கள். துணிச்சல்தான்!

ஐபாட் பயனீட்டாளர்களுக்கோ வேறொரு மனக்குறை. பாடல்களைக் கலைத்துப் போட்டாலும் ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகிறாரே, இதுவா தற்செயல்? கணக்குப்படி அதுதான் தற்செயல். நாணயத்தைச் சுண்டினால் தொடர்ந்து நான்கு முறை பூ விழுவதில்லையா? மனம்தான் அதை ஏற்க மறுக்கிறது.

கணக்கு சரியே என்று நிறுவனம் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஒரே பாடகர் அடுத்தடுத்து வரும் வாய்ப்பைப் பயனீட்டாளரே கூட்டிக் குறைக்கும் வசதியை ஐடியூன்ஸ் மென்பொருளில் சேர்த்தது. தற்செயலைக் குறைத்தால்தான் அது தற்செயலாகத் தோன்றுகிறது என்ற பொருளில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை விளக்கினார். ஷஃபிள் விற்பனை 2017இல் நின்றது. பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தான் மட்டும் இன்றைய இசைச் செயலிகளிலும் இருக்கிறது.