கோபமா, அதிகாரமா?

(மாணவர் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா. பேரு வேண்டாம். தூக்கம் வரல, நெஞ்சு படபடங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போச்சு. மாத்திரை குடுத்தாங்க. அடுத்த தடவை மனநல ஆலோசனைக்கு அனுப்பினாங்க. அங்க புருஷனையும் பக்கத்துல உக்கார வச்சுக் கேட்ட முதல் கேள்வி: "அவர் கோபப்படுற மாதிரி நீ என்னம்மா செஞ்சே?" அக்கா வாயே திறக்கல. திறந்திருந்தா வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும்னு அதுக்குத் தெரியும். கேட்டவருக்குத் தெரியல.

கோபம்தான் காரணம் என்றால், பகல்ல ஆண்டை முன்னால, மேஸ்திரி முன்னால, அதிகாரி முன்னால அந்த மனுஷனுக்குக் கோபம் வரலையா? வந்தது. அடக்கிக்கிட்டான். அங்கே அடக்கத் தெரிந்தவன் வீட்டுக்கு வந்து அடிக்கிறான்னா, அது ஆள் பார்த்து அடிக்கிற அதிகாரம். குடியும் அப்படித்தான். குடி அடியைக் கூட்டும். ஆனா குடிக்காதவனும் அடிக்கிறானே!

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில், 1984ல், அடிபட்ட பெண்கள் கூடித் தங்கள் அனுபவத்தைப் பேசினார்கள். அதிலிருந்து 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்ற சக்கரப் படம் பிறந்தது. அடி, அந்தச் சக்கரத்தின் வெளிவட்டம். உள்ளே மிரட்டல், கேவலப்படுத்தல், உறவுகளிடமிருந்து பிரித்து வைத்தல், காசைத் தன் பிடியில் வைத்தல், பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தல். காயத்தை மட்டும் பார்க்கிற வைத்தியம் இதைப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் 2005ல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. 2006ல் வந்த அதன் 14ஆவது விதி என்ன சொல்லுது? நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில், வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது. அதைத் தொடக்கத்திலேயே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். விதி இருக்கு. "அனுசரிச்சுப் போம்மா" என்பதும் இருக்கு.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். மாடி வீட்டிலும் அடி விழுது. சுவர் தடிமன், சத்தம் வெளியே வராது. நம்ம குடிசையில கேக்குது. ஆனா "வெளியே சொன்னா ஊர்க்காரன் சிரிப்பான், போலீஸ் நம்ம பையனை நொறுக்கிடும்" என்று நாமே அவள் வாயை மூடுகிறோம். அமெரிக்காவில் வெள்ளையரல்லாத பெண்கள் போலீசை அழைக்கத் தயங்குவதை கிம்பர்லே கிரென்ஷா 1991ல் எழுதினார். அதே பயம்தான். பயம் நியாயமானது. ஆனா அதற்கு விலை ஏன் அவள் மட்டும் கொடுக்கணும்?

சாதி அந்த மனுஷனை நோகடிச்சது உண்மை. அந்த நோவுக்கும் வைத்தியம் வேணும். ஆனா அதை இறக்கி வைக்கிற சுமைதாங்கி பெண்டாட்டி முதுகு இல்லை. 1942ல் நாகபுரி பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசும்போது, மனைவி கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். அவர் படத்தை மாட்டுற வீட்டில் இதையும் படிக்கணும்.

அடிபட்டவள் உங்ககிட்ட வந்தா, தனியாப் பேசுங்க. நம்புங்க. "ஏன் அடிச்சான்?" என்று கேக்காதீங்க; "இன்னைக்கு ராத்திரி எங்கே படுப்பே?" என்று கேளுங்க. "உடனே விட்டுட்டு வா" என்று அவசரப்படுத்தாதீங்க. பிரிந்து போகிற நேரம்தான் பெரும் ஆபத்து. போக்கிடம், பணம், பிள்ளைகள், 181 உதவி எண் எல்லாவற்றையும் அவளோடு சேர்ந்து யோசிங்க. முடிவு அவளுடையது.

நம் மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் கை ஓங்குகிற தோழருக்கு இனி மாலை போடாதீங்க.

ஜெய்பீம்.