பெருவிரல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் இதுவரை பேசியவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு சாதாரண ஆசிரியன். சங்கீதத்தில் எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே உண்டு. அதுவும் கோயில் திருவிழாவில் வீதியோரம் குந்தியிருந்து விடியும்வரை நாதஸ்வரம் கேட்டதால் வந்தது. மேலைத்தேய இசையில் அதுகூட இல்லை. ஆனாலும் இன்று ஒரு பியானோவைப் பற்றியும் என் மகளைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். உண்மையில் என்னைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

2014 ஆம் ஆண்டு ரொறன்ரோவிலிருந்து வந்த என் தங்கை, ஊருக்குத் திரும்பும்போது ஒரு சிறிய மின்சாரக் கீபோர்ட்டை எங்கள் வெள்ளவத்தை வீட்டில் விட்டுச் சென்றாள். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. முழு அளவான பியானோவில் 88 கட்டைகள் உண்டு. 52 வெள்ளை, 36 கறுப்பு. இந்தக் கீபோர்ட்டில் இருந்தவை 61. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவாய்க் கத்துகின்ற மலிவான கருவி அது. எங்கள் கண்ணுக்கு அது விளையாட்டுச் சாமான்தான்.

பிள்ளையின் முதல் குரு யாரென்று நினைக்கிறீர்கள்? பாண் விற்கிற முச்சக்கர வண்டி! கொழும்பு ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையும் மாலையும் மணிச் சத்தம்போல ஒரு மெட்டை இசைத்துக்கொண்டு அந்த வண்டி வரும். அந்த மெட்டு பீத்தோவன் 1810 அளவில் எழுதிய ஒரு சிறு பியானோ உருப்படி. "எலீசுக்காக" என்று அதற்குப் பெயர். அவர் 1827 இல் காலமாகி நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1867 இல்தான் அது அச்சேறியது. வியன்னா நகரத்து மேதை ஒருவரின் மெட்டு எங்கள் ஒழுங்கையில் பாணுக்கும் பணிசுக்கும் கட்டியம் கூறிக்கொண்டு வந்ததை எண்ணினால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு மாலை வண்டி வந்து போயிற்று. போன பிறகும் மெட்டு நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மகள் ஒற்றை விரலால் கட்டைகளைத் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் இரண்டு கைகளும் சேர்ந்தன. வண்டியில் ஒலிப்பது அந்த உருப்படியின் முதற் பகுதி மாத்திரமே என்பதும் உள்ளே வேறு பகுதிகள் இருக்கின்றன என்பதும் இணையத்தில் கேட்ட பிறகே அவளுக்குத் தெரிந்தது. "அப்பா, பாண்காரர் மிச்சத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறார்" என்று ஓடி வந்து சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன். வாசித்து முடிந்ததும், "ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை, தானாகப் படிச்சது" என்று சொல்வேன். எங்கோ வாசித்த எரோல் கார்னரின் கதையையும் எடுத்து விடுவேன். 1977 இல் மறைந்த அமெரிக்க ஜாஸ் பியானோ மேதை அவர். இசைக்குறிப்பு வாசிக்கக் கற்காமலே உலகப் புகழ் பெற்றவர். தமிழாசிரியன் அல்லவா, ஏகலைவனையும் விட்டுவைக்கவில்லை. காட்டிலே மண்ணால் குருவின் உருவம் சமைத்துத் தானாகவே வில்வித்தை பயின்றவனைப் போல, கீபோர்ட்டை வைத்துத் தானாகவே இசை பயின்றவள் என் மகள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பாண் வண்டியைத் தவிர வேறு சத்தமில்லாத நாட்கள். அந்த மாதங்களில் அவள் இசைக்குறிப்பு வாசிக்கப் பழகினாள். பழைய மேதைகளின் ஆக்கங்கள் பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்து கோடுகளில் எறும்புகள் ஊர்வதுபோல எனக்குத் தெரிந்த அந்தத் தாள்களை, ஏடு தொடக்கிய பிள்ளை எழுத்துக்கூட்டுவது போல அவள் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

அடுத்து வந்தது 2022. நேயர்களுக்கு அந்த ஆண்டை நினைவூட்ட வேண்டியதில்லை. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றது. மகளுக்கு மே மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை. உள்ளதைச் சொல்வதானால், கீபோர்ட் ஊமையாகிப் போனதில் எனக்குள் ஒரு நிம்மதி. இனியாவது படிப்பாள் என்று எண்ணினேன்.

ஓர் இரவு புழுக்கத்தில் நித்திரை வரவில்லை. முன் அறையிலிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். எலியோ என்று நினைத்து மெழுகுவர்த்தியுடன் போனேன். மகள் இருட்டில் கீபோர்ட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். உயிரில்லாத கட்டைகளின் மேல் பத்து விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. விரல் பிளாஸ்ரிக்கில் படுகின்ற சத்தம் மாத்திரம். அவளுக்கு அது இசையாகக் கேட்டிருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் வந்ததைக் கண்டதும் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திருடும்போது பிடிபட்டவளைப் போல வைத்துக்கொண்டாள். என் பிள்ளை என்னைக் கண்டு அப்படிக் கையை ஒளித்தது எனக்குச் சுட்டது.

"கரண்ட் இல்லாமல் வாசிக்கிற பியானோ ஒண்டு எங்கையாவது இருக்குமோ அப்பா?" என்று கேட்டாள்.

எங்கள் ஒழுங்கையின் கடற்கரைப் பக்கத்து மூலை வீட்டில் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர் தனியே வசித்து வந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். அவருடைய வீட்டில் நிமிர்ந்த வகைப் பழைய பியானோ ஒன்று இருந்தது. பரீட்சை முடிந்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பியானோவை அவ்வளவு கிட்ட நின்று நான் பார்த்தது அன்றுதான். அம்மையார் முன் பலகையைக் கழற்றி உள்ளே காட்டினார். இருநூறுக்கும் மேற்பட்ட உருக்குத் தந்திகள். ஒவ்வொரு கட்டைக்கும் கம்பளி போர்த்த ஒரு சிறு சுத்தியல். மெல்லத் தொட்டால் சுத்தியல் மெல்ல விழும். ஓங்கினால் ஓங்கி விழும். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்தோபோரி என்பவர் 1700 அளவில் இதனை உருவாக்கினார். மென்மை, உரம் என்ற இரண்டு இத்தாலியச் சொற்களைச் சேர்த்து "பியானோபோர்ட்டே" எனப் பெயர் வழங்கியதும் இதனாலேதான். கடற்காற்று உப்பினால் சில தந்திகளில் துரு ஏறியிருந்தது.

எனக்கோ சுவாமி விபுலாநந்தர் ஞாபகம் வந்தார். காரைதீவிலே பிறந்து, பழந்தமிழரின் யாழைத் தேடிப் பல்லாண்டு உழைத்து, 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றிய சில வாரங்களிலேயே மறைந்தவர். யாழிலும் நரம்புக்கு ஒரு சுரம், பியானோவிலும் தந்திக்கு ஒரு சுரம். வீணையைப் போல ஒரே தந்தியை இழுத்துக் கமகம் காட்ட இரண்டிலும் இடமில்லை. தூரத்து உறவுமுறை ஒன்றைக் கண்டதுபோல இருந்தது.

மகள் வாசித்தாள். "எலீசுக்காக" முழுவதும் வாசித்தாள். நான் வழக்கம்போல அம்மையாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என் வசனத்தைச் சொல்ல ஆயத்தமாக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடிந்ததும் கேட்டார்:

"பிள்ளை, உன்ரை பெருவிரல் எங்கை?"

எனக்கு விளங்கவில்லை. மகளுக்கு விளங்கியது, தலையைக் குனிந்துகொண்டாள். ஏறுவரிசைச் சுரங்களை வாசிக்கச் சொன்னார் அம்மையார். நானும் அப்போதுதான் கவனித்தேன். நான்கு விரல்களும் தாவித் தாவி ஓட, பெருவிரல் கட்டைக்கு வெளியே விறைத்துக்கொண்டு நின்றது. மணிக்கட்டு மேலே தூக்கி வளைந்திருந்தது. "நோகிறதோ?" என்று மணிக்கட்டைத் தொட்டார். "இரண்டு வருசமா நோகுது மிஸ்" என்றாள் பிள்ளை. எங்களுக்கு அவள் சொன்னதேயில்லை.

அம்மையார் விளக்கினார். முன்னொரு காலத்தில் ஐரோப்பியரும் பெருவிரலை அதிகம் பாவிக்காமலே வாசித்தார்கள். பெரிய பாக்கின் மகனான கார்ல் பிலிப் இமானுவேல் பாக் 1753 இல் வெளியிட்ட நூலிலே பெருவிரலுக்கு உரிய இடத்தை வகுத்துக் காட்டினார். வலக்கையால் ஏறும்போது ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பெருவிரல் மற்ற விரல்களுக்குக் கீழால் நுழைந்து மீண்டும் ஒன்றாக வரவேண்டும். அப்போது கை உடையாமல் ஆற்றோட்டமாக நகரும். "இதை ஒருத்தர் முதல் நாளிலேயே காட்டியிருந்தால் பத்து நிமிச வேலை. இப்ப எட்டு வருசப் பழக்கத்தை அழிக்கவேணும். படிக்கிறதைவிட அழிக்கிறது கஷ்டம்" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை, தானாகப் படிச்சது" என்றேன். அம்மையார் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சொல்லிக் குடுக்கேல்லை?" என்று கேட்டார்.

நேயர்களே, எட்டு ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு விடை தெரியும். மகளுக்கும் தெரியும். 2015 இல், ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, "அப்பா, எனக்கு ஒரு ரீச்சர் பிடிச்சுத் தாங்கோ" என்று அவள் கேட்டாள். புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். பரீட்சை முடிந்தது. மறுபடியும் கேட்டாள். மாதக் கட்டணத்தை விசாரித்துவிட்டு, "உனக்கேன் ரீச்சர், நீதான் தானாகவே வாசிக்கிறாயே" என்றேன். அதன்பின் அவள் கேட்கவில்லை. அந்நாட்களில் பின்னேரங்களில் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு ரியூசன் வகுப்பு நடத்திக் காசு வாங்கியவன் நான். ஆசிரியர் இல்லாமல் படிப்பு வராது என்று அந்தப் பெற்றோருக்குச் சொன்னவனும் நானே.

வீட்டுக்கு வந்து அன்றிரவு ஏகலைவனை நினைத்தேன். எத்தனை வகுப்புகளில் படிப்பித்த கதை! ஒரு பெரிய இடத்தை விட்டுவிட்டல்லவா படிப்பித்திருக்கிறேன்? ஏகலைவன் நேரே காட்டுக்குப் போகவில்லை. முதலில் துரோணரிடம் போனான், கற்பியுங்கள் என்று கேட்டான், துரோணர் மறுத்தார். மறுக்கப்பட்டதனால்தான் அவன் மண்ணிலே குருவைச் செய்தான். நாம் அவனுடைய திறமையை மெச்சுகின்ற சத்தத்தில் அந்த மறுப்பு மறைந்துவிடுகிறது. கதையில் நான் என்னை ஏகலைவனின் தந்தையாக நினைத்திருந்தேன். நான் நின்ற இடம் துரோணர் நின்ற இடம்.

தானாகக் கற்றவர்களை நான் இப்போது குறைத்துப் பேசவில்லை. காதும் ஆசையும் அவளுடையவை. அவற்றை எந்த ஆசிரியரும் கொடுத்திருக்க முடியாது. ஆனால் ஒரு பிள்ளை தனியாகக் கற்கிறதென்றால், அது தனிமையை விரும்பியதா, தனியே விடப்பட்டதா என்று பெற்றவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

மறுவாரமே மகளை அம்மையாரிடம் சேர்த்தேன். முதல் ஓராண்டு பெரும் துன்பம். ஒரு உருப்படியும் வாசிக்க விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, பெருவிரல் கீழால். மறுபடியும். மறுபடியும். எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கும் பாடத்தைப் பதினேழு வயதில் வாசித்தாள். வேகமாக ஓடிய விரல்கள் தட்டுத் தடுமாறின. சில நாட்கள் அழுதுகொண்டு வந்தாள். "முந்தி நல்லா வாசிச்சனானப்பா" என்பாள். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. மணிக்கட்டு நோவு மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது.

2024 இல் இலண்டன் றோயல் இசைப் பள்ளிகளின் ஐந்தாம் தரப் பரீட்சைக்குத் தோற்றினாள். 150 புள்ளிகளில் 100 எடுத்தால் சித்தி, 120 எடுத்தால் திறமைச் சித்தி. அவளுக்குக் கிடைத்தது 117. முந்திய நானாக இருந்தால் அந்த மூன்று புள்ளிகளுக்காகக் கவலைப்பட்டிருப்பேன். அவள் பெறுபேற்றுத் தாளை அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்துவிட்டு, "பெருவிரலைப் பற்றி ஒரு குறையும் எழுதேல்லை" என்றார். அவ்வளவுதான். துரோணர் கேட்டு வாங்கிய விரலை இந்த அம்மையார் திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றியது.

சென்ற மாதம் ஒரு மாலை, அந்தப் பழைய பியானோவில் மகள் "எலீசுக்காக" வாசித்தாள். பல ஆண்டுகளாக நான் கேட்ட மெட்டுத்தான். ஆனால் அன்று அதை அடையாளம் காண எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அவ்வளவு மெதுவாக, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல அவள் தொடங்கினாள். பிறகு கேட்டபோது தாளைக் காட்டினாள். முதல் வரியிலேயே மிக மென்மையாக என்று குறியிடப்பட்டிருக்கிறது. பாண் வண்டிக்கு அது தெரியாது. எங்கள் கீபோர்ட்டுக்கு மென்மை என்பதே தெரியாது. ஒருவர் அருகிலிருந்து கையைப் பிடித்துக் காட்டினால்தான் சில குறிகள் கண்ணில் படும் போலும்.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள், "யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்கிறார்கள். அம்மையாரின் பெயரைச் சொல்கிறேன். "எப்ப தொடங்கினது?" என்று கேட்டால், "பிந்தித்தான். அது என்ரை பிழை" என்றும் சொல்கிறேன். முதல் தடவை அதைச் சொன்னபோது மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கையில் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.