சயாஜிராவ் சாலை யாருக்குச் சொந்தம்?
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டது ஒரு தெருவின் கதை. கே.ஆர். சர்க்கிளில் தொடங்கி வடக்கே போகிறதே, அந்தச் சயாஜிராவ் சாலையின் கதை. தினமும் நடக்கிறோம்; யார் அந்தச் சயாஜிராவ் என்று கேட்டதுண்டா? பரோடா மன்னர். தம் நாட்டில் கட்டாயத் தொடக்கக் கல்வி கொண்டுவந்தவர். 1913-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனது இவர் கொடுத்த உதவித் தொகையில்தான்.

சாலையின் தலைமாட்டில் சிலையாக நிற்பவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். அவர் அமைத்த மில்லர் குழுவின் அறிக்கையை ஒட்டி, 1921-இல் மைசூர் அரசு பிற்பட்டோருக்கு வேலையில் இடம் ஒதுக்கியது. அதே ஆண்டில்தான் சென்னையில் நீதிக்கட்சி ஆட்சி முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. சமூகநீதிக்குக் காவிரியின் இரு கரையிலும் வேர் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு நாள், விஜயதசமியன்று, இந்தச் சாலை உலகத்தின் கண்ணில் படுகிறது. 750 கிலோ அம்பாரி யானைமேல் பன்னிமண்டபம் நோக்கிப் போகிறது. அன்று அதில் மன்னர் அமர்ந்தார். இன்று சாமுண்டீசுவரி அமர்கிறாள். மற்ற 364 நாளும் இந்தச் சாலையைச் சுமப்பவர் யார்? தேவராஜ மார்க்கெட்டில் விடியுமுன் மூட்டை இறக்குபவர். மல்லிகை தொடுப்பவர். வெற்றிலைக் கவுளி அடுக்குபவர். நஞ்சன்கூடு ரசபாளெ வாழைத்தாரைத் தோளில் தூக்குபவர். அங்கே கன்னடம், தமிழ், உருது மூன்றும் ஒரே தராசில் நிற்கின்றன.

1882-இல் பெங்களூரிலிருந்து ரயில் வந்தது. ரயிலுக்கும், கட்டட வேலைக்கும், மார்க்கெட்டுக்கும் பிழைப்புத் தேடி வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர் தாக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் தினக்கூலிக்காரனின் வயிற்றுக்கு மொழி ஏது? கடை அடைத்தால் அவனுக்கும் பட்டினி, நமக்கும் பட்டினி.

இப்போது வந்திருக்கும் ஆபத்து வேறு. 2012 ஆகஸ்டில் சின்ன மணிக்கூண்டு அருகே லான்ஸ்டவுன் கட்டடம் இடிந்து நான்கு உயிர் போயிற்று. 2016 ஆகஸ்டில், பழுதுபார்க்கும் வேலை நடந்தபோதே, தேவராஜ மார்க்கெட்டின் வடக்குப் பக்கம் சரிந்தது. இடித்துக் கட்டு என்றது ஒரு நிபுணர் குழு. காப்பாற்றலாம் என்றது இன்னொரு குழு. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. கல்லையும் காரையையும் பற்றி இவ்வளவு பேச்சு. அதன் நிழலில் உட்கார்ந்திருக்கும் பூக்காரியைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

கடை எண் உள்ளவர் மாற்றுக் கடை கேட்கலாம். கடை எண்ணே இல்லாமல் வாயிலில் சாக்கு விரித்தவர் எதைக் காட்டிக் கேட்பார்? தெரு வியாபாரிகளுக்கு 2014-இல் ஒரு சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். இடம் மாற்றினால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. தட்டி எழுப்புவது நம் வேலை.

ஆகவே மூன்று காரியம். சாலையோரம் உட்காரும் நம்மவர் ஒவ்வொருவரும் சான்றிதழுக்கு மனு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்குச் சங்கம் எழுதித் தரும். அந்த மனு கன்னடத்தில் இருக்க வேண்டும். இந்த ஊரின் மொழி அது, நம் பிள்ளைகள் படிக்கும் மொழி. மூன்றாவது, மாநகராட்சி வாசலுக்குத் தனியாகப் போகக் கூடாது. பக்கத்தில் உட்காரும் கன்னடத் தோழரையும் இஸ்லாமியத் தோழரையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

சாலைக்கு மன்னர் பெயர் இருக்கட்டும். அதில் உழைக்கிறவருக்கு உட்கார இடம் இருக்க வேண்டும். அதற்காகவே இந்தச் சங்கம்.